மூன்றாவது விளக்கு

உக்காருங்க அம்மணி. உங்க மாமியார் இப்பத்தான் தூங்கறாங்க, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு எந்திரிக்க மாட்டாங்க. அந்த ஊசி போட்டா அப்படித்தான். காலைல இருந்து நின்னுட்டே இருக்கறீங்க, நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். அந்த ஸ்டூலை இப்படி இழுத்துப் போட்டுக்குங்க.

எனக்கு ஆபரேஷன் நாளைக்குத்தானுங்க. காலைல ஏழரைக்கு. கழுத்துல இந்தக் கட்டி, தைராய்டு. புத்து அது இதுன்னு எதுவும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. வளந்து மூச்சுக்குழாயை அமுக்குது, எடுத்தர்றது நல்லதுன்னாங்க. பயமா இருக்குதான்னு கேட்டீங்க இல்ல. பயமெல்லாம் இல்லீங்க. இருபத்தி ஒரு வருஷம் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளயே நின்னவ நான். எத்தனை வயிறு, எத்தனை கழுத்து. படுத்துத்தான் பழக்கமில்ல.

நர்ஸுன்னு நெனச்சுக்காதீங்க. ஈரோட்டுல ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரில தியேட்டர் அசிஸ்டெண்ட். கத்தி, கத்திரி எடுத்துக் குடுக்கறது நர்ஸு. நான் விளக்கு. விளக்கைத் திருப்பறது என் வேலை.

சிரிக்கறீங்க. எல்லாரும் சிரிப்பாங்க, விளக்கைத் திருப்ப ஒரு ஆளான்னு. சொல்றேன் கேளுங்க. டாக்டரு கை கழுவி உறை மாட்டிட்டா அப்புறம் வேற எதையும் தொடக்கூடாதுங்க. பக்கத்துல நிக்கறவங்களும் அப்படித்தான். விளக்கு தலைக்கு மேல தொங்குது. டாக்டரு குனிஞ்சார்னா அவரு தலையோட நிழலு நேரா காயத்துல விழும். இன்னொருத்தரு எட்டிப் பாத்தா அவரு நிழலும் சேந்துக்கும். வயித்துக்குள்ள ஒரு சாண் ஆழத்துல ரத்தக்குழாயைத் தேடிட்டு இருக்கறப்ப இருட்டடிச்சா என்னாகும்? அதுக்குத்தான் கை கழுவாத ஒரு ஆளு பின்னாடி நிக்கறது. தலைக்கும் தோளுக்கும் நடுவுல சந்து பாத்து வெளிச்சத்தை உள்ள விடோணும். அந்த ஆளு நான்.

பழைய விளக்கு எப்படின்னா, ஒரு பெரிய அண்டாவைக் கவுத்துத் தொங்க விட்ட மாதிரி இருக்கும். இரும்புக் கை. எத்தனை எண்ணெய் விட்டாலும் இறுகித்தான் கிடக்கும். எக்கி நின்னு ரெண்டு கையாலயும் இழுக்கோணும், ஆனா இழுக்கறது தெரியவும் கூடாது, மேல தூசி விழவும் கூடாது. புதுசா வந்தவங்க இழுத்தா ஆடும். நான் இழுத்தா ஆடாது.

டாக்டரு பேரு அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரரு. நான் சேந்து ரெண்டாவது வருஷம் அவரு வந்தாரு. அதிகமாப் பேச மாட்டாரு. மொதல் ஒரு வருஷம் "வெளிச்சம்"பாரு, நான் திருப்புவேன். அப்புறம் "ம்"னாப் போதும். அதுக்கப்புறம் அதுவும் இல்ல. அவரு கழுத்து ஒரு விரக்கடை சாஞ்சா எனக்குத் தெரியும், அடுத்தது இடது பக்கம் போறாரு, அங்க வெளிச்சம் வேணும்னு. அவரு போறதுக்கு முன்னாடி வெளிச்சம் அங்க போயிருக்கும். பதினேழு வருஷம் அப்படி. சத்தமே இருக்காது உள்ள.

கல்யாணமா? பண்ணி வெச்சாங்க. ஏழு மாசம். வந்துட்டேன். அது ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க.

ஒருக்கா ஒரு லாரி டிரைவரைக் கொண்டாந்தாங்க, பவானி ரோட்டுல அடிபட்டு. ஈரல் கிழிஞ்சிருச்சு. வயித்தைத் தொறந்து பாதி வேலைல விளக்கு பட்டுனு போயிருச்சு. கரண்ட் இருக்குது, பல்பு போச்சு. மாத்து பல்பு ஸ்டோர்ல இருக்குது, ஸ்டோர் சாவி வெச்சிருந்தவரு லீவு. டார்ச்சை எடுத்தேனுங்க. டாக்டரு தோளுக்கு மேல நீட்டிப் பிடிச்சுட்டு நின்னேன். அம்பது நிமிஷம். அந்தாளு பொழச்சுட்டாரு. பொழச்சு வந்து ஒரு தார் பூவன் பழம் குடுத்துட்டுப் போனாரு, டாக்டருக்குத்தான். அன்னிக்கு வெளிய வந்து உறையைக் கழட்டறப்ப டாக்டரு சொன்னாரு, "கை நடுங்கவே இல்ல, சாரதாமணி." அவ்வளவுதான் சொன்னாரு. எனக்கு அது போதும்.

அதுக்கப்புறம்தான் விளக்கை மாத்தறதுன்னு முடிவாச்சு. ரெண்டு தியேட்டருக்கும் புதுசு. மூணு கம்பெனிக்காரங்க வந்து ஆளுக்கொரு விளக்கை மாட்டிக் காட்டறதுன்னு ஏற்பாடு. எது வாங்கறதுன்னு முடிவு பண்ண ஒரு கமிட்டி. மேனேஜர் நடேசன், மயக்க மருந்து குடுக்கற டாக்டர், எங்க டாக்டரு. அப்ப டாக்டரு சொன்னாராம், "சாரதாமணியும் இருக்கட்டும். விளக்கைப் பத்தி எங்க எல்லாரையும் விட அவங்களுக்குத்தான் தெரியும்"னு. மேனேஜர் வந்து எங்கிட்டச் சொல்றாரு, மூஞ்சியைச் சுளிச்சுட்டே. எனக்கு அன்னிக்குச் சாப்பாடே இறங்கலீங்க, சந்தோஷத்துல.

நான் சும்மா போய் உக்காரல பாத்துக்குங்க. கம்பெனிக்காரங்க என்னென்னமோ நம்பர் சொல்லுவாங்க, இத்தனை லட்சம் வெளிச்சம்னு. நம்பரா வயித்துக்குள்ள பாக்குது? காலைல ஆறு மணிக்குக் கறிக்கடைக்குப் போயி ஆட்டு ஈரல் ஒரு துண்டு, சுவரொட்டி ஒண்ணு, அதானுங்க மண்ணீரல், கொஞ்சம் கொழுப்பு வாங்கினேன். கடைக்காரரு "சமையலா, சத்துக் குறைஞ்சு போச்சா"ன்னு கேக்கறாரு. "விளக்குக்குங்க"ன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

எதுக்குன்னா, விளக்கு சரியில்லைன்னா எல்லாச் செகப்பும் ஒரே செகப்பாத் தெரியும். ஈரலும் சுவரொட்டியும் ஒண்ணாத் தெரிஞ்சா அந்த விளக்கு ஆகாது. அப்புறம் ஒரு ஆழமான சொம்பு. அடில சுவரொட்டித் துண்டை வெச்சு, அதுமேல தையல் போடற கருப்பு நூலுல அஞ்சு முடிச்சுப் போட்டு வெச்சேன். மேல ரெண்டு பேரைக் குனிஞ்சு நிக்கச் சொன்னேன். நிழலுக்குள்ள எத்தனை முடிச்சு எண்ண முடியுதுன்னு பாக்கறது. மயக்க டாக்டர் அதைப் பாத்துட்டு, "ஏங்க, இதை எங்க படிச்சீங்க"ன்னாரு. எங்க படிக்கறது, பதினேழு வருஷம் நின்னது.

மொதல் விளக்கு பளீர்னு இருந்துச்சு. கண்ணு கூசுது. ஆனா ரெண்டு தலை குனிஞ்சா அவ்வளவுதான், சொம்புக்குள்ள இருட்டு. அது வேண்டாம்னு அப்பவே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

ரெண்டாவது நல்ல விளக்குங்க. நிறமும் நல்லாத் தெரிஞ்சது, சொம்புக்குள்ள நாலு முடிச்சு எண்ணினேன். விளக்குக் கைதான் கனம். பழசு அளவுக்கு இல்லைன்னாலும் இழுக்க ஆளு வேணும்.

மூணாவது... அதை கோயமுத்தூர்ல இருந்து ஜோயல்னு ஒரு தம்பி கொண்டாந்து மாட்டுச்சு. முப்பது வயசு இருக்கும், மரியாதையான தம்பி. அந்த விளக்கு பூ இதழ் மாதிரி தனித்தனியா இருக்குது. எத்தனை தலை குனிஞ்சாலும் ஒரு பக்கம் மறைச்சா இன்னொரு பக்கம் உள்ள விடுது. அஞ்சு முடிச்சும் எண்ணினேனுங்க. ஈரல்ல இருக்கற நரம்பு மாதிரி கோடு, அது கூடத் தெரிஞ்சது. நான் அப்படியே நின்னுட்டேன்.

அப்ப ஜோயல் சுண்டு விரலை நீட்டி விளக்கைத் தள்ளுச்சு. சுண்டு விரலுங்க. அது வழுக்கிட்டுப் போயி, விட்ட இடத்துல நின்னுச்சு. நடுவுல ஒரு கைப்பிடி. அதை மட்டும் கழட்டி, கிருமி போக வேக வெச்சு மாட்டிக்கலாமாம். "டாக்டரே திருப்பிக்கலாம் மேடம். இதுக்குத் தனியா ஆள் வேண்டியதில்ல"ன்னுச்சு.

ஆள் வேண்டியதில்ல.

அதுக்கு நான் யாருன்னு தெரியாது, பாவம். மேடம், மேடம்னு கூப்பிட்டுட்டு இருந்துச்சு.

மறுநாள் கமிட்டி. டாக்டரு எல்லாரையும் கேட்டுட்டு கடைசியா எங்கிட்டத் திரும்பினாரு. "சாரதாமணி, நீங்க சொல்லுங்க."

நான் சொன்னேன், "மூணாவதுல நிறம் சரியில்லீங்க சார். ஈரலும் சுவரொட்டியும் ஒண்ணாத் தெரியுது. ரெண்டாவது நல்லாருக்குது."

பொய்யின்னு சொல்ல முடியாதுங்க. மூணாவதை மாட்டி முடிக்கறப்ப மத்தியானம் ஆயிருச்சு, ஈரலும் கொஞ்சம் காஞ்சு போச்சு. காஞ்ச ஈரல் கருப்படிக்கும். அப்படிப் பாத்தா அது ஒண்ணாத் தெரிஞ்சதுன்னும் சொல்லலாம். என்னங்க? ரெண்டாவதும் மோசமான விளக்கில்ல. யாருக்கும் கெடுதல் வரல. மூணாவது விலையும் கூட. மேனேஜருக்கு என் பேச்சு சக்கரையா இருந்துச்சு.

டாக்டரு என்னைப் பாத்தாரு. கொஞ்ச நேரம் பாத்தாரு. "அப்படியா?"ன்னாரு. "ஆமாங்க சார்"னேன். "சரி, ரெண்டாவதே வாங்கிருங்க"ன்னு பேனாவை மூடிட்டு எந்திரிச்சுட்டாரு. அவ்வளவு மரியாதை வெச்சிருந்தாரு என் பேச்சுக்கு. அப்ப.

உங்க மாமியார் அசையறாங்களா? இல்ல, தூக்கத்துலதான். போர்வையை மட்டும் கொஞ்சம் இழுத்து விடுங்க, கால் தெரியுது.

புது விளக்கு வந்துச்சு. நான் நின்னேன், பழையபடி. ஒரு ஒன்றரை வருஷம் நல்லாப் போச்சு. அப்புறம் என் வலது தோளு கொஞ்சம் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. கையைத் தூக்கினா உள்ள கொக்கி போட்டு இழுக்கற மாதிரி. தலை சீவ முடியல. இடது கையால சீவிக்கிட்டேன். ரவிக்கை மாட்டறதுக்குப் பத்து நிமிஷம் ஆகும். தியேட்டருக்குள்ள ஒரு நாளும் காட்டிக்கல. பல்லைக் கடிச்சுட்டு இழுப்பேன். வாயைக் கட்டியிருக்கறோம், யாருக்குத் தெரியப் போகுது.

ஒரு நாள் ஆபரேஷன் முடிஞ்சு கை கழுவிட்டு இருக்கறப்ப டாக்டரு கேட்டாரு, "கை வலிக்குதா?"ன்னு. "இல்லீங்க சார்"னேன். "எலும்பு டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டுங்களேன்"னாரு. "ஒண்ணுமில்லீங்க சார்"னுட்டு வந்துட்டேன். வலின்னு சொன்னா அடுத்தது என்ன? வேற ஆளைப் போடுவாங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கறோம்.

அதுக்கப்புறம் ஒரு பத்து நாள் இருக்கும். தியேட்டருக்குள்ள போறேன், ஸ்குரூ டிரைவரை வெச்சுட்டு ஒரு மெக்கானிக் விளக்கைக் கழட்டிட்டு இருக்காரு. நடுவுல ஒரு கைப்பிடி மாட்டறாரு. மூணாவது விளக்குல இருந்ததே, அதே மாதிரி, கழட்டி வேக வெக்கற கைப்பிடி. "என்னங்க இது?"ன்னேன். "டாக்டர் சொல்லிப் போடச் சொன்னாரு. விளக்குக் கையையும் லேசாத் தள்ளற மாதிரி பண்ணச் சொன்னாரு"ன்னாரு.

அன்னிக்கு மத்தியானம் ஒரு குடலிறக்கம். நான் என் இடத்துல நிக்கறேன். டாக்டரு கழுத்து சாஞ்சுது. நான் கையைத் தூக்கறதுக்குள்ள அவரு கை மேல போயிருச்சு. அவரே திருப்பிக்கிட்டாரு. திரும்பியும் பாக்கல. அந்த ஆபரேஷன்ல ஏழு தடவை திருப்பினாருங்க. நான் எண்ணிட்டு நின்னேன். கையைத் தொங்கப் போட்டுட்டு, ஒரு மணி நேரம், சும்மா.

உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பதினெட்டு வருஷமா பேசிட்டிருந்த ஒருத்தரு ஒரு நாள் காலைல இருந்து பேசறதில்லைன்னா எப்படி இருக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த மாதிரி, இனி நீங்க வேண்டாம்னு. எனக்குத் தெரியாம ஆளை வெச்சு மாட்டறதுன்னா, அது என் கையைத் தட்டி விடற மாதிரிதானுங்க.

ஒரு மாசம் அப்படிச் சும்மா நின்னேன். அப்புறம் எழுதிக் குடுத்துட்டேன். கருவியெல்லாம் ஆவில வேக வெச்சு எடுக்கற ரூமுக்கு மாத்திருங்கன்னு. அந்தக் காயிதம் டாக்டரு கையெழுத்துக்குப் போகோணும். நான்தான் கொண்டு போனேன். படிச்சாரு. "நெசமாவா?"ன்னாரு. "ஆமாங்க சார். அங்கதான் என்னால இனி உபயோகம்"னேன். கொஞ்சம் வெடுக்குனுதான் சொன்னேன். "சரி, உங்க இஷ்டம்"னு போட்டுக் குடுத்துட்டாரு. வேண்டாம்னு சொல்லுவாருன்னு நெனச்சேனுங்க. காயிதத்தை அவரு கைல குடுக்கற வரைக்கும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்.

அந்த ரூமு கீழ இருக்குது. ஜன்னல் கிடையாது. ரெண்டு பெரிய டிரம்மு, ஆவி சத்தம் எப்பவும் உஸ்ஸுனு. கூட வேலை செய்யறவங்க ஷிப்டு மாறி மாறி வருவாங்க. நான் அஞ்சு வருஷம் அங்கதான். பேசறதுன்னா சத்தம் போட்டுப் பேசோணும், அதனால யாரும் பேச மாட்டாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போனா காது அடைச்ச மாதிரி இருக்கும். டிவியைப் போட்டு விட்டுருவேன். பாக்கறதில்ல. சும்மா ஓடிட்டு இருக்கும்.

மேல போக மாட்டேன். கேன்டீனுக்குக் கூட அவரு வர்ற நேரம் போக மாட்டேன். அவரு ரெண்டு தடவை யார்கிட்டயோ சொல்லி விட்டாராம், சாரதாமணியை எலும்பு டாக்டர் வரச் சொல்றாருன்னு. நான் போகல. அவரு கூப்பிட்டிருந்தா போயிருப்பேன். எலும்பு டாக்டர் கூப்பிட்டா நான் எதுக்குப் போகோணும்?

ஒரு வருஷம் கழிச்சு டாக்டரு இங்க கோயமுத்தூருக்கு வந்துட்டாரு. ஆமா, இந்த ஆஸ்பத்திரிக்குத்தான். அங்க பெரிய பார்ட்டி வெச்சாங்க, சந்தன மாலையெல்லாம் போட்டு. எல்லாரும் போனாங்க. நான் டிரம்மைப் போட்டுட்டு உள்ளயே இருந்துட்டேன். பார்ட்டி முடிஞ்சு அவரு கீழ வந்தாரு. மாலையைக் கழட்டி கைல வெச்சிருக்காரு. வாசல்ல நின்னு என்னமோ சொன்னாரு. ஆவி சத்தத்துல கேக்கல. டிரம்மை நிறுத்தியிருக்கலாம், ஒரு பட்டன்தான். நிறுத்தல. "கை ஈரமா இருக்குதுங்க சார்"னு கையைக் காட்டினேன். தலையை ஆட்டினாரு. ரெண்டு நிமிஷம் நின்னாரு. போயிட்டாரு. என்ன சொன்னாருன்னு இன்னி வரைக்கும் தெரியாது.

அதுக்கப்புறம் ஒரு நாள் ஜோயல் வந்துச்சு, அதே தம்பி, வேற என்னமோ மெஷின் விக்கறதுக்கு. என்னைக் கீழ பாத்துட்டு, "மேடம், நீங்க இங்கயா"ன்னுச்சு. பேச்சு வாக்குல சொல்லுச்சு: "அன்னிக்கு மீட்டிங் நடக்கறதுக்கு முந்தின ராத்திரி டாக்டர் சார் எனக்குப் போன் பண்ணினாரு மேடம். விளக்கு ரொம்ப நல்லாருக்குதுன்னாரு. இதை வாங்கினா இப்ப திருப்பறவங்களுக்கு வேலை இருக்குமா இருக்காதான்னு கேட்டாரு. இருக்காது சார், அதுதானே இதோட வசதின்னு சொன்னேன். அப்ப எங்களுக்குச் சரிப்படாதுன்னு போனை வெச்சுட்டாரு. என் ஆர்டர் அங்கயே போச்சு"ன்னு சிரிக்குது.

பாத்தீங்களா? அவருக்கே அந்த விளக்கு சரிப்படல. நான் சொன்னதுனால மட்டும் இல்ல. எனக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சரி, அது கிடக்கட்டும். போன சித்திரைல ரிட்டையர் ஆனேன். ஆடில கழுத்து வீங்குச்சு. ஈரோட்டுலயே பண்ணிக்கலாம், பழைய ஆளுன்னு நல்லாப் பாத்துக்குவாங்க. நான்தான் இங்க வந்தேன். இங்க தியேட்டர்ல அந்த மூணாவது விளக்குத்தான் போட்டிருக்காங்கன்னு ஜோயல் சொல்லுச்சு. கழுத்துல குரலுக்குப் போற நரம்பு நூலு மாதிரி ஓடும், அதைத் தொடாம எடுக்கோணும்னா நல்ல வெளிச்சம் வேணும். அதுக்காகத்தான். டாக்டரு இங்க இருக்காருங்கறது தெரியும். அதுக்காக வரலீங்க. வெளிய சீட்டுப் போடறப்பக் கூட அவரு பேரை நான் சொல்லல. அவங்களா அவரு யூனிட்ல போட்டுட்டாங்க.

நேத்து சாயங்காலம், நீங்க மாமியாரை எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போயிருந்தீங்க, அப்ப ரவுண்ட்ஸ் வந்தாரு. கூட நாலு சின்ன டாக்டருங்க. முடியெல்லாம் வெளுத்துப் போச்சு. சீட்டை எடுத்துப் படிச்சாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு.

"சாரதாமணி"ன்னாரு. கேள்வியா இல்லீங்க, சும்மா பேரைச் சொன்னாரு.

"ஆமாங்க சார்."

"வர்றேன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"உங்க நம்பர் இல்லீங்க சார்"னேன். நம்பர் இருக்குது. போனைத் தொறந்தா மொதப் பேரே அதுதான், அ-ல ஆரம்பிக்குதில்ல.

"கை எப்படி இருக்குது?"ன்னாரு. கழுத்துக்கு வந்தவளைப் பிடிச்சு கையைக் கேக்கறாரு பாருங்க. "தூக்குங்க பாக்கலாம்"னாரு. தூக்கினேன். தோளு வரைக்கும்தான் வரும் எனக்கு. அந்தச் சின்னப் பசங்க முன்னாடி எனக்கு வெக்கமாப் போச்சு. அவரு சீட்டைக் கீழ வெச்சாரு. "கூட யாரு இருக்காங்க?"ன்னாரு. "தம்பி சம்சாரம் வந்திருக்குதுங்க சார், கேன்டீனுக்குப் போயிருக்குது"ன்னேன்.

தம்பி திருப்பூர்ல இருக்கறான். பனியன் கம்பெனி. இப்ப அவங்களுக்கு சீசன், தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நான் சொல்லல.

சின்ன டாக்டருங்க எல்லாம் அடுத்த பெட்டுக்கு நகந்தாங்க. அவரும் நகரப் போனாரு. எனக்கு என்ன தோணுச்சோ, "சார், அந்த மூணாவது விளக்கு... அன்னிக்கு நான் நிறம் சரியில்லைன்னு சொன்னது..." அதுக்கு மேல வரல. தொண்டைல கட்டி இருக்குதில்ல.

"தெரியும்"னாரு. "அன்னிக்கே தெரியும். நீங்க சொம்பை வெச்சுட்டுப் போனதுக்கப்புறம் நானும் வந்து எண்ணிப் பாத்தேன். அஞ்சு முடிச்சு." சிரிச்சாரு. "அதையெல்லாம் இப்ப எதுக்கு நெனச்சுட்டு இருக்கறீங்க. நல்லாத் தூங்குங்க. நாளன்னைக்கு நான்தான் பண்றேன்"னுட்டுப் போயிட்டாரு.

நேத்து சாயங்காலத்துல இருந்து அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கறேன். நான் சொன்னது சரியில்லைன்னு தெரிஞ்சுட்டு, ஏனுங்க என் பேச்சைக் கேட்டாரு? அப்பவே, பொய் சொல்றீங்கன்னு சொல்லியிருக்கலாமே. நல்ல விளக்கை விட்டுட்டு ஏன் அதை வாங்கினாரு? இங்க வர்ற வரைக்கும் அதுக்குக் கீழதான நின்னாரு?

என்னங்க சொன்னீங்க?

எனக்காகவா?

அப்படியெல்லாம் இருக்காதுங்க. நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. அவ்வளவு பெரிய டாக்டரு, ஒரு அசிஸ்டெண்டுக்கு வேலை போயிரும்னு விளக்கை மாத்தி வாங்குவாரா? அப்படின்னா அந்தக் கைப்பிடி? அதை எதுக்கு மாட்டினாரு? என்னை ஒதுக்கறதுக்குத்தான?

என் கை வலிக்குதுன்னு மாட்டினாருங்கறீங்களா?

வலிக்குதுன்னு நான் சொல்லவே இல்லீங்களே.

...

இல்லீங்க, ஒண்ணுமில்ல. கண்ணுல என்னமோ. அந்தத் தண்ணியைக் கொஞ்சம் எடுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேலதான் குடிக்கக் கூடாது, இப்பக் குடிக்கலாம்.

நான் சொல்லவே இல்ல. ஒரு நாள் கூடச் சொல்லல. இல்லைன்னுதான் சொன்னேன்.

டிரம்மை நிறுத்தியிருக்கலாம். ஒரு பட்டன்.

இருங்க, சிஸ்டர் வருது. வாங்க சிஸ்டர். ஆமா, நான்தான் சாரதாமணி. ஆமா, நாளைக்கு மொத கேசு. கையெழுத்தா? நான்தான் காலைலயே போட்டேனே. ஓ, கூட வந்தவங்க போடோணுமா. இவங்கதானுங்க. தம்பி சம்சாரம். ஆமாங்க, இவங்கதான். நீங்க அந்த ரூமுக்குப் போயிட்டு வாங்க, அதுக்குள்ள எழுதி வெக்கறோம்.

போயிருச்சா?

கோவிச்சுக்காதீங்க அம்மணி. ஒரே ஒரு கையெழுத்துத்தான். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது, அதுக்கு நான் பொறுப்பு. யாரும் இல்லைன்னு சொன்னா நாளைக்குப் பண்ண மாட்டாங்க, தள்ளிப் போட்டுருவாங்க. அதுவும் இல்லாம டாக்டருக்குத் தெரிஞ்சிரும். இந்த இடத்துலதான், கீழ. உறவுன்னு போட்டிருக்குதில்ல, அங்க தம்பி மனைவின்னு எழுதுங்க. அதுக்கு மேல உங்க பேரு.

உங்க பேரு என்னங்க? இவ்வளவு நேரம் நானே பேசிட்டு இருந்துட்டேன் பாருங்க, கேக்கவே இல்ல. மெதுவாச் சொல்லுங்க அம்மணி, சிஸ்டருக்குக் கேட்டுறப் போகுது.